கம்பி பிடிக்காத கண்டக்டர்

எங்கள் டெப்போவில் என் அத்தானுக்குத் தூண் என்று பெயர். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்த மனிதர், ஓடுகிற பஸ்ஸில் ஒரு நாள்கூடக் கம்பியைப் பிடித்ததில்லை. ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கை பைக்குள், காதுமடலில் பேனா. பிடிக்க மூன்றாவது கை ஏது என்று கேட்பார். கூட்ட நேரத்தில் கம்பி எட்டாத குள்ளமானவர்களும், இடுப்பில் குழந்தை வைத்திருக்கும் பெண்களும் அவர் தோளையோ பை வாரையோ பிடித்துக்கொள்வார்கள். அவர் பாட்டுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார். நாலு பேர் தொங்கினாலும் அசைந்து கொடுக்க மாட்டார். தூண் என்ற பெயர் அப்படி வந்தது.

அந்த முப்பத்தொரு வருஷத்தில் பத்தொன்பது வருஷம் வண்டியை ஓட்டியவன் நான். ஸ்டேஷனிலிருந்து துறைமுகம் வரை, பன்னிரண்டாம் நம்பர். இப்போது அத்தான் என்று சொல்கிறேனே தவிர, முதலில் அவர் எனக்கு வெறும் கண்டக்டர்தான். ஒரு நாள், டெப்போவில் நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது அக்கா. அதற்குப் பிறகு நான் மறக்காமலே என் பாத்திரம் அடிக்கடி காணாமல் போக ஆரம்பித்தது. மூன்றாவது தடவையே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் அப்பாவுக்குப் புரிய எட்டு மாசம் ஆயிற்று.

அக்கா அப்போதே நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எட்டு நாற்பதுக்கு எங்கள் பஸ்ஸில் ஏறுவாள், ஏழாவது ஸ்டாப்பில் இறங்குவாள். கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவி முதுகு ஒட்டுவது, எடுத்துப் போனவர்களைக் கெஞ்சியோ மிரட்டியோ புத்தகத்தைத் திருப்பி வாங்குவது, ஆளின் முகத்தைப் பார்த்தே அவருக்குப் பிடித்ததை எடுத்து நீட்டுவது, இதெல்லாம் அவளுக்குச் சாப்பாட்டுக்கும் மேல். கல்யாணத்துக்கு அப்புறமும் அதே எட்டு நாற்பது. பஸ்ஸில் கூட்டமே இல்லாத நாளிலும் அவள் கம்பியைப் பிடிக்க மாட்டாள். அவரைத்தான் பிடித்துக்கொள்வாள். டிரைவர் கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரியும்.

"டேய், ரோட்டைப் பாத்து ஓட்டுடா" என்பாள்.

ஒரு தடவை எனக்குக் குறும்பு முற்றிப்போயிற்று. வயசு அப்படி. இந்த மனிதரை ஒரு நாளாவது விழ வைக்கிறேனா இல்லையா பார் என்று, ஆளில்லாத ரோட்டில், எந்தக் காரணமும் இல்லாமல், பிரேக்கை அழுத்தி மிதித்தேன். வண்டியில் இருந்த முப்பது பேரும் முன்னால் சாய்ந்தார்கள். ஒரு கூடை தக்காளி உருண்டோடி என் காலடிக்கே வந்துவிட்டது. அவர் மட்டும் இடது முட்டியை ஒரு விரற்கடை மடக்கினார், நிமிர்ந்தார், அவ்வளவுதான். பிறகு நிதானமாக நடந்து என் பக்கம் வந்தார்.

"மச்சான், தக்காளிக்காரம்மா உன்னத் தேடறாங்க. நீயே போய்ப் பேசிக்க" என்றார்.

அந்த அம்மாள் என் ஏழு தலைமுறையையும் வண்டியிலேயே கழுவிக் காயப்போட்டாள். அதற்குப் பிறகு நான் அந்த விளையாட்டுக்கே போகவில்லை. சொல்லப்போனால் நேர்மாறாக ஆகிவிட்டேன். பின்னால் அவர் எங்கே நிற்கிறார் என்று காலடி ஓசையை வைத்தே தெரிந்துகொண்டு, வளைவில் அதற்கேற்ற மாதிரி திருப்புவேன். நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை செய்தோம். அந்த மாதிரி ஒரு பத்தொன்பது வருஷம் இனி எனக்குக் கிடைக்காது. கண்ணில் கோளாறு என்று ஸ்டியரிங்கைப் பிடுங்கி, என்னை டெப்போ ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்குத்தான் என் டியூட்டி ஆரம்பம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அத்தான் போன வருஷம் ரிடையர் ஆனார். ஏழு மாசம் கழித்து ஒரு நாள் காலை, முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் நழுவியது. சத்தம் கேட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வாய் ஒரு பக்கமா இருக்கு?"

"சோப்பு" என்றார் அத்தான்.

சோப்பு இல்லை. பக்கவாதம். இடது கையும் இடது காலும் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில். நாக்கு கொஞ்சம் தடித்துப் பேசினார், ஆனால் கிண்டல் போகவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல். கட்டிலிலிருந்து இறக்கி நிறுத்தினால் மட்டும், இடது பக்கமாகச் சரிந்துகொண்டே போவார். அந்த மனிதர் சரிவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. டாய்லெட் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அவர்கள் வீடு முதல் மாடியில். ஒரே பையன், அவன் தூரத்து ஊரில் வேலையாக இருக்கிறான். அக்காவுக்கு நூலகத்தில் இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் பாக்கி. மூன்று மாசத்துக்கு மேல் லீவு தர முடியாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அவரைப் பகலில் தனியாக விட்டுப்போகிற நிலை வர வேண்டும். தானாக எழுந்து, தானாக டாய்லெட் போய், தானாகச் சாப்பாட்டைச் சூடுபண்ணிச் சாப்பிட்டு, கதவைத் திறந்து மூட வேண்டும். வராவிட்டால் அக்கா வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"வேலை என்ன பெரிய வேலை. விட்டா விட்டதுதான்" என்றாள் அக்கா.

வேலையை விடக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் அத்தான்தான். இரண்டு காலில் நிற்கவே முடியாத நேரத்தில்! ஆள் வைக்கலாம் என்றேன், காலை நேரத்தில் நான் வந்து இருக்கிறேன் என்றேன், எதற்கும் மசியவில்லை. அக்கா மருந்து வாங்கக் கீழே போன சமயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே அந்த வேலையைக் கட்டிக்கிட்டவ மச்சான். என் காலால அது போச்சுன்னா, நான் நடந்து என்ன, நடக்காம என்ன?"

அப்படித்தான் நாங்கள் நடக்கப் பழக்குகிற அந்த மெஷினிடம் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு நீள ஹால். நடுவில் அது நின்றது. மேலே சட்டத்திலிருந்து கயிறு தொங்கும். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் பட்டைகளை மாட்டி மேலே இழுத்துவிட்டால், உடம்புப் பாரத்தில் பாதியைக் கயிறு வாங்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் இரும்புக் கால்கள், மனிதக் காலைப் போலவே முட்டியும் இடுப்பும் மடங்கும். அதை அவர் காலோடு சேர்த்துக் கட்டுவார்கள். கீழே ஓடுகிற பட்டை. பொத்தானை அழுத்தினால் இரும்புக் கால் அவர் காலைத் தூக்கி எடுத்துவைக்கும். எதிரே ஒரு திரையில் இரண்டு கோடுகள் ஓடும், ஒன்று வலது காலுக்கு, ஒன்று இடது காலுக்கு. கால் தன் பலத்தைப் போட்டால் கோடு எழும்பும்.

அதை இயக்கிய தெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். எப்போதும் கையில் ஒரு அட்டை, அதில் டிக் போட்டுக்கொண்டே இருப்பாள். நம் ஆளுக்கு அட்டையும் பேனாவுமாக யாரைப் பார்த்தாலும் வழியில் ஏறி டிக்கெட் சரிபார்க்கிற இன்ஸ்பெக்டர் ஞாபகம்தான். முதல் நாளே "வணக்கம் இன்ஸ்பெக்டரம்மா" என்றார். அவளும் விடவில்லை.

"சார், நல்லாக் கேட்டுக்குங்க. மெஷின் காலை எடுத்து வைக்கும். கூடவே நீங்களும் எடுத்து வைக்கணும். மெஷின் மட்டும் நடந்தா மெஷினுக்குத்தான் குணமாகும்."

வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு நாற்பது நிமிஷம். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதல் இரண்டு வாரம் நான் மயங்கிப்போய்விட்டேன். கயிற்றில் தொங்கியபடி, இரும்புக் கால் நடக்க, அத்தான் என்ன அழகாக நிமிர்ந்து நின்றார் தெரியுமா? ஒரு ஆட்டம் இல்லை, ஒரு சரிவு இல்லை. பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவருக்கும் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா மச்சான்? கம்பியத் தொட்டேனா?"

ஆனால் மெஷினை அவிழ்த்துவிட்டு, பிடித்து நடப்பதற்காகப் போட்டிருந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே தரையில் நிறுத்தினால், முதல் நாள் போலவே சரிந்தார். இரண்டு வாரம் போய் ஒரு அங்குலம்கூட முன்னேற்றம் இல்லை. தெரபிஸ்ட் திரையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். இரண்டு கோடுகளும் தரையோடு தரையாகக் கிடந்தன.

"இடது கோடு எழும்பலேன்னா புரியுது. வலது கால் நல்ல கால் ஆச்சே! அதுகூட வேலை செய்யலையே?" என்றாள்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. மூளையில் இன்னும் ஏதோ கெட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். ஸ்கேன் எடுக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. மறுநாள் உட்கார இடம் இல்லாததால் நான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அதுவரை பக்கவாட்டிலிருந்தே பார்த்திருந்தவன், அன்றைக்குத்தான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

எனக்கு அந்த முகம் தெரியும். துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு நீளமான பாலம். அதற்கு முந்தின ஸ்டாப்பிலேயே எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்திருப்பார். பாலத்தின் மேல் ஏழு நிமிஷம் யாரும் ஏற மாட்டார்கள், இறங்க மாட்டார்கள். அப்போது நடுவழியில் அப்படியே நிற்பார். கண் பாதி மூடியிருக்கும், முட்டி தளர்ந்திருக்கும், இடுப்புக்குக் கீழே வண்டியின் ஆட்டம், இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை. அவர் நாளில் அது ஒன்றுதான் ஓய்வு. கண்ணாடியில் ஆயிரம் தடவை பார்த்த முகம் அது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா முறைத்தாள்.

"அம்மா, மூளையில ஒண்ணும் இல்லே. அவர் நடக்கவே இல்லே. பஸ்ல போய்ட்டிருக்கார்" என்றேன் தெரபிஸ்டிடம்.

விளக்கிச் சொன்னேன். காலுக்கடியில் தரை ஓடினால், தான் அசையாமல் நிற்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அந்த உடம்புக்குத் தெரிந்த ஒரே பாடம் அது. ஓடுகிற பட்டையும் இழுக்கிற இரும்பும் அவருக்கு இன்னொரு வண்டி. வண்டி போகிறது, இவர் நிற்கிறார், மகா அழகாக நிற்கிறார். அவரிடமே கேட்டோம்.

"ஆமா. வண்டி நல்லாத்தானே போகுது. நான் எதுக்கு நடக்கணும்?" என்றார் கூச்சத்தோடு.

தெரபிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்ட கேள்விக்கு அவளுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் தகும்.

"சரி, ஓடுற பஸ்ல சார் எப்போ நடப்பார்?"

"யாராவது டிக்கெட் வாங்காம இருந்தா."

மறுநாள் மெஷினுக்கு எதிரே பத்தடி தள்ளி ஆட்களை நிறுத்தினாள். நான், கையில் கட்டுப் போட்ட ஒரு பிளம்பர், முதுகுவலிக்கு வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பட்டை ஓட ஆரம்பித்ததும் அத்தான் முகம் பாலத்துக்குப் போகப் பார்த்தது. நான் உரக்கச் சொன்னேன்:

"கண்டக்டர் சார், முன்னாடி ஏறின மூணு பேர் டிக்கெட் வாங்கலை. அடுத்த ஸ்டாப்ல செக்கிங் இருக்கு!"

கண் சட்டென்று திறந்தது. உடம்பு முன்னால் வந்தது. பிளம்பர் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், டிக்கெட் வாங்காதவன் எல்லாம் செய்கிற அதே திருட்டுத்தனம். அதைப் பார்த்ததும் அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சார், உங்களத்தான். டிக்கெட்!"

வலது கோடு குபுக்கென்று எழும்பியது. இடது கோடு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு அரிசி அளவு எழும்பியது. மறுபடி விழுந்தது. மறுபடி எழும்பியது. ஹாலில் இருந்த எல்லாரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா என் சட்டையைப் பிடித்துக் கிழிக்காத குறையாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த ஹாலே பன்னிரண்டாம் நம்பர் ஆகிவிட்டது. தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள் எல்லாம் எதிரே வந்து நின்றுகொள்வார்கள். "துறைமுகம் ஒண்ணு" என்பார் ஒருவர். "சில்லறையா வெச்சுக்குங்க" என்பார் அத்தான், மூச்சு வாங்கிக்கொண்டே. தெரபிஸ்ட் சத்தம் போடாமல் மெஷினின் உதவியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதலில் கயிறு வாங்கிய பாரத்தைக் குறைத்தாள், பிறகு இரும்புக் கால் தள்ளுகிற தள்ளலை. இடது காலில் முழுப் பாரத்தையும் போட்டு நிற்க வைப்பதுதான் கடைசிவரை பெரிய போராட்டமாக இருந்தது. நல்ல கால் இருக்கும்போது அந்தக் காலை யார் நம்புவார்கள்? சரிகிற ஒவ்வொரு தடவையும் மெஷின் பிடித்து நிறுத்தும். பிடித்து நிறுத்தும் என்று தெரிந்த தைரியத்தில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலை நம்ப ஆரம்பித்தார்.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்க வேண்டாம். ஏழாவது வாரம் ஜுரம் வந்து ஐந்து நாள் போகவில்லை. திரும்பி வந்தபோது பாதி போய்விட்டிருந்தது. கம்பிகளுக்கு நடுவே மூன்றடி வைத்ததும் கால் மடங்கிற்று. அன்றைக்குத் தெரபிஸ்டிடம் கத்தினார், என்னிடம் கத்தினார், மறுநாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு "இன்னிக்கு வண்டி ஓடாது" என்றுவிட்டார். கோபம் மூக்கின் மேல் இருக்கும் மனிதர் இல்லை அவர். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அவரே போன் செய்தார்.

"வாடா, போலாம்."

வழியில் காரணத்தைச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் தேடி அக்காவின் கைப்பையில் கை விட்டிருக்கிறார். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள். வேலையை விடுகிறேன் என்ற கடிதம். அக்காவின் அச்சடித்த மாதிரி எழுத்து. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

"தேதி மட்டும் போடலை மச்சான். மத்ததெல்லாம் ரெடி" என்றார்.

அன்றிலிருந்து அவர் நடந்ததை நடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது நிமிஷம் முடிந்து பட்டைகளை அவிழ்த்தால் சட்டையைப் பிழியலாம். மெஷினிலிருந்து இறங்கியதும் தரை. தரையில் கம்பி. பிறகு கம்பியில்லாமல், அடியில் நாலு கால் விரிந்த ஊன்றுகோல். திரும்புவதற்குத்தான் அதிகம் பழக வேண்டியிருந்தது. "சார், நேரா நடக்கும்போது யாரும் விழறதில்லே. திரும்பும்போதுதான் விழுவாங்க. அவசரமே கூடாது" என்று தெரபிஸ்ட் படித்துப் படித்துச் சொன்னாள்.

கடைசி வாரம் அவள் தரையில் ஒரு பாயை விரித்து, அவரைப் படுக்கச் சொன்னாள். விழுந்தால் தனியாக எப்படி எழுவது என்று காட்டிக்கொடுக்க. நம் ஆளுக்கு வந்ததே கோபம்!

"நடக்கச் சொல்லிக்குடுன்னா, விழச் சொல்லிக்குடுக்கறியா? நான் விழற ஆள் இல்லேம்மா."

"விழற ஆள்னு யாருமே கிடையாது சார். விழுந்தவங்கதான் இருக்காங்க. படுங்க" என்றாள் அவள்.

முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். நல்ல பக்கமாகப் புரள வேண்டும், கையை ஊன்றி உட்கார வேண்டும், நகர்ந்து நகர்ந்து ஒரு நாற்காலியிடம் போக வேண்டும், முட்டி போட வேண்டும், நல்ல காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். கேட்க நாலு வரி. செய்து முடிக்க அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று, அதுவும் கூட நாங்கள் இரண்டு பேர் இருந்து. மறுபடி செய்யச் சொன்னபோது முடியாது என்றுவிட்டார்.

பரீட்சை நாளும் வந்தது. நிற்க வேண்டும், கண்ணை மூடி நிற்க வேண்டும், தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுக்க வேண்டும், ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இப்படிப் பதினாலு வேலை, ஐம்பத்தாறு மார்க். சேர்ந்த அன்று அவர் வாங்கியது ஒன்பது. நாற்பத்தைந்தைத் தொட்டால் வீட்டில் தனியாக விடலாம் என்று தெரபிஸ்ட் முன்பே சொல்லியிருந்தாள். அத்தான் வாங்கியது நாற்பத்தாறு. தெரபிஸ்ட் அட்டையில் டிக் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். லீவு முடிய மூன்று நாள் பாக்கி.

அக்கா வேலைக்குப் போன முதல் நாள் காலையில் நானும் அங்கே இருந்தேன். சாப்பாட்டை மேசையில் மூடி வைத்தாள், மருந்தை எடுத்து வைத்தாள், தண்ணீரை எடுத்து வைத்தாள், எடுத்து வைத்ததையே மறுபடி நகர்த்தி வைத்தாள். எட்டரை மணிக்கு அத்தான் அவளையும் என்னையும் சேர்த்து வெளியே தள்ளாத குறையாக அனுப்பினார்.

"மச்சான், நீயும் போ. பாதுகாப்புக்கு ஆள் போட்டா தனியா இருக்கிறதுன்னு அர்த்தம் இல்லே. நான் கூப்பிட்டாத்தான் நீ வரணும்."

சரி என்றேன். அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு, எதிர் வரிசை டீக்கடையில் அவர் ஜன்னல் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். பேச்சு பேச்சாக இருக்கட்டும், மனசு கேட்க வேண்டாமா? ஒரு டீ, இரண்டு டீ. ஜன்னலில் ஆள் அசைவே தெரியவில்லை. பத்து மணிக்கு மேல் என்னால் முடியவில்லை. சும்மா குரல் கேட்டால் போதும் என்று போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. குளியலறையில் இருப்பார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மாடிப்படியை நான் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது.

கதவைத் தட்டினேன். உள்ளே இருந்து குரல் வந்தது, கீழே தரையிலிருந்து.

"தட்டாதே. வர்றேன்."

"அத்தான், விழுந்துட்டீங்களா? தலையில அடியா?"

"தலையில ஒண்ணுமில்லே."

"கதவை உடைக்கட்டுமா?"

"உடைச்சே, உன் காலை உடைப்பேன். பேசாம நில்லு."

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தோளால் ஒரு இடி இடித்தால் திறந்துவிடும். எனக்குக் கை துடித்தது. ஆனால் உடைந்த கதவை அக்காவிடமிருந்து எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அதைப் பார்த்த அடுத்த நிமிஷம் அந்தக் கடிதத்துக்குத் தேதி போட்டுவிடுவாள். நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே துணி தரையில் உராய்கிற சத்தம். நிற்கும். மூச்சு வாங்கும். மறுபடி உராயும். ஒரு நாற்காலி சுவரில் போய் முட்டியது. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. ஒரு தடவை "அம்மா" என்று முனகினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இந்தப் பக்கம் நான் அழுவது அவருக்குக் கேட்கக் கூடாது.

பிறகு ஊன்றுகோல் தரையில் படுகிற சத்தம் வந்தது. ஒன்று. ஒன்று. ஒன்று. தாழ் நகர்ந்தது.

அத்தான் நின்றுகொண்டிருந்தார். வேட்டி முழுக்கத் தரைத் தூசு, முழங்கையில் தோல் உரிந்து ரத்தம், முகம் வெளிறிப்போயிருந்தது. நின்றுகொண்டிருந்தார். பின்னால் மேசைமேல் போன் இருந்தது. அதிலிருந்து நாலடியில்தான் விழுந்திருக்கிறார். சமையலறையிலிருந்து வந்தவர், மணிச் சத்தம் கேட்டதும் அவசரமாகத் திரும்பியிருக்கிறார். முப்பத்தொரு வருஷம் விழாத மனிதரை விழ வைத்தது என் போன். நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கையைக் கழுவினேன்.

"அக்காகிட்ட என்ன சொல்றது?" என்றேன்.

கழுவின முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"சொல்றதா இருந்தா ரெண்டையும் சொல்லு. விழுந்தேன்னு மட்டும் சொல்லாதே."

அன்று நான் டியூட்டிக்குப் போகவில்லை. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அக்கா வந்தாள். நாள் முழுக்கப் பழைய புத்தகங்களோடு இருந்த சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது. கைப்பையைக் கீழே வைக்கும்போதே முழங்கைக் கட்டைப் பார்த்துவிட்டாள். முகத்திலிருந்த வெளிச்சமெல்லாம் போய்விட்டது.

"விழுந்தேன். நானே எழுந்துட்டேன்" என்றார் அத்தான்.

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

"என்னாலதான் அக்கா. நான்தான் போன் போட்டேன்" என்றேன்.

அவள் கைப்பையை மறுபடி எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். பீரோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அத்தான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கடிதத்துக்குத் தேதி போடப் போயிருக்கிறாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அவர் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அக்கா கையில் களிம்போடு வந்தாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் கட்டிய கட்டை அவிழ்த்து, களிம்பு தடவி, ஒழுங்காகக் கட்டினாள். தலையை நிமிர்த்தவே இல்லை. கட்டு முடிச்சுப் போட்டு முடிந்த பிறகுதான் பேசினாள்.

"நாளைக்கு விழுந்தா முப்பத்தஞ்சு நிமிஷத்துல எழுந்திரிக்கணும்."

அத்தான் வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவர் முட்டியில் முகத்தை வைத்து அழுதாள். அவர் வலது கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ போன் பண்ணக் கூடாது. புரியுதா?"

மறுநாள் எட்டரை மணிக்கு அக்கா வேலைக்குப் போனாள். நான் என் வீட்டிலேயே, போனை மேசையில் வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஒரு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் தெருப் பக்கம் திரும்பாமல், நேராக டெப்போவுக்குப் போனேன்.